கஞ்சி வாளியும் கடன் கொப்பியும்

2022ஆம் வருடத்து நோன்பு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கேஸ் இல்லை, பெற்றோல் இல்லை, மின்சாரம் மணிக்கணக்கில் துண்டிக்கப்பட்டது. எங்கள் பள்ளிவாசலில் அவ்வருடம் கஞ்சியை விறகில்தான் காய்ச்சினோம். நோன்பின் நடுப்பகுதியில் ஒரு நாள் அந்தி மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை நான் கடையைத் திறந்து உட்கார்ந்த சிறிது நேரத்தில், பள்ளிவாசலுக்குப் பக்கத்து வளவில் தேநீர்க் கடை வைத்திருக்கும் சிங்கள நண்பர் ஒருவர் வந்தார். அவருடைய கையில் சேறு படிந்த பொலித்தீன் பையொன்று இருந்தது. இரவு கான் அடைத்து, தண்ணீர் அவரது கடைக்குள் முழங்கால் அளவுக்கு ஏறிவிட்டதாம். கானைக் கிளறியபோது வந்ததெல்லாம் இந்தப் பைகள்தான் என்றார். அவர் சத்தம் போடவில்லை. "முதலாளி, இதில உங்கட பெயர் இருக்கு. அதுதான் உங்களிட்டயே கொண்டு வந்தேன்" என்று மட்டும் சொல்லி, பையை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்.

ஆம், அதில் என் கடையின் பெயரும் தொலைபேசி இலக்கமும் பச்சை நிறத்தில் பளிச்சென்று இருந்தன.

விடயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் சில்லறைச் சாமான்களோடு பொலித்தீன் பை, லன்ச் ஷீட், கடதாசிப் பெட்டி முதலியவற்றையும் மொத்தமாக விற்பவன். பள்ளிவாசலின் நம்பிக்கையாளர் சபையிலும் ஓர் அங்கத்தவன். கஞ்சிக்கு வேண்டிய பைகள் பல வருடங்களாக என் கடையிலிருந்தே போயின. ஒரு பங்குக் கஞ்சிக்கு உள்ளே இரண்டு பை, வெளியே கைபிடி வைத்த ஒரு பை. பள்ளிக்கு நான் போட்ட விலை பங்கொன்றுக்கு 9 ரூபா. வெளிப் பையில் கடைப் பெயரை என் செலவில் அச்சிட்டுக் கொடுத்தேன். நன்மைக்கு நன்மை, விளம்பரத்துக்கு விளம்பரம் என்பது என் எண்ணம். அந்த விளம்பரம் எங்கெல்லாம் போய்ச் சேருகிறது என்பதை நான் யோசித்ததே இல்லை.

நாங்கள் கஞ்சிப் பையை விட்டு வாளிக்கு மாறிய கதை இதுதான். ஒரு வருடத்தில் முடியும் என்று நினைத்தோம், மூன்று நோன்பு சென்றது. வழியில் விட்ட பிழைகள் எல்லாம் வியாபாரப் பிழைகள். ஹோட்டல் நடத்துவோர், காரியாலயங்களுக்குப் பகல் சாப்பாடு அனுப்புவோர், கலியாணச் சமையல் எடுப்போர் ஆகியோருக்கு இந்தக் கணக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முன்பு எப்படி இருந்தது?

என்னுடைய சிறு பராயத்தில் கஞ்சிக்குப் பை என்ற பேச்சே இருக்கவில்லை. அஸர் தொழுகை முடியும் முன்பே பிள்ளைகள் நாங்கள் தூக்குச்சட்டி, அலுமினியக் கோப்பை, சிலர் தேநீர்க் கேத்தல் என்று கையில் அகப்பட்டதைக் கொண்டு வந்து பள்ளியின் பின்வாசலில் வரிசையாக வைத்துவிடுவோம். ஆட்கள் விளையாடப் போய்விடுவார்கள், சட்டிகள் வரிசையில் நிற்கும். கலியாண வீட்டில் ஸஹன். ஆறு பேர் சுற்றி அமர்ந்து சாப்பிட்டு எழுந்தால் கழுவ ஒரு தட்டுத்தான் மிஞ்சும், எறிய ஒன்றும் இருக்காது. இன்று மற்ற நாடுகளில் புதிதாகக் கண்டுபிடித்தது போலப் பேசும் காரியத்தை எங்கள் வாப்பாமார் பெயர் வைக்காமலே செய்து வந்தார்கள்.

பிறகு பை வந்தது. அது ஏன் வந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஜமாஅத் பெருகியது. கஞ்சி வாங்கும் குடும்பங்கள் நானூறைத் தாண்டின. ஒவ்வொரு சட்டியாக அகப்பையால் ஊற்றிக் கொண்டிருந்தால் நோன்பு திறக்கும் நேரம் வந்துவிடும். முன்கூட்டியே பையில் கட்டி அடுக்கி வைத்தால் அரை மணித்தியாலத்தில் வேலை முடியும். பை நேரத்தை மிச்சப்படுத்தியது. பையை ஒழிக்க வருபவர் முதலில் அந்த நேரத்துக்கு வழி சொல்ல வேண்டும். இதை நாங்கள் பிந்தித்தான் விளங்கிக் கொண்டோம்.

நாட்டின் சட்டமும் ஒரே திசையில்தான் போய்க் கொண்டிருக்கிறது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி மீதொட்டமுல்லை குப்பை மேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதே வருடம் செப்டெம்பர் 1ஆம் திகதி முதல் பொலித்தீன் லன்ச் ஷீட்டுக்கும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டிக்கும் தடை வந்தது. 2023 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் ஒரு தடவை பாவித்து எறியும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, ஸ்ட்ரோ, இடியப்பத் தட்டு போன்றவற்றுக்குத் தடை. 2025 நவம்பர் 1ஆம் திகதி முதல் ஷொப்பிங் பேக்கை இலவசமாகக் கொடுக்க முடியாது, விலை போட்டே கொடுக்க வேண்டும். ஒவ்வொரு அறிவித்தலின் போதும் எங்கள் வர்த்தகர்கள் சிலர் "கொஞ்ச நாளைக்குத்தான் பிடிப்பார்கள்" என்று பழைய சரக்கைப் பதுக்கி வைத்தார்கள். 2017இல் நானும் லன்ச் ஷீட் பதினெட்டு பெட்டி வைத்திருந்து கையைச் சுட்டுக் கொண்டவன்தான்.

முதல் வருடம்: வாளி போனது, வரவில்லை

2023 நோன்புக்கு முன் சபை கூடியது. மூடியும் கைபிடியும் உள்ள ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் வாளி வாங்குவதென்று தீர்மானித்தோம். எவர்சில்வர் வாளி வேண்டும் என்று சிலர் விரும்பினார்கள். ஆனால் அதன் விலை நாலு மடங்கு. மேலும் சந்தையில் எவர்சில்வர் என்று விற்பதெல்லாம் ஒரே தரமல்ல. 304 தரத்துக்கு உப்பும் புளிப்பும் தாங்கும். 201 என்ற மலிவுத் தரம் சில காலத்தில் துருப்புள்ளி போடும். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியும் என்று சொல்வார்கள், இரண்டிலுமே காந்தம் ஒட்டுவது அபூர்வம். ஆகவே நம்பிக்கையான கடை இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம். பிளாஸ்டிக்கிலும் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற இலக்கம் உள்ளதைத்தான் எடுக்க வேண்டும். அது பொலிபுரொப்பிலீன், கொதித்து இறக்கிய கஞ்சியைத் தாங்கும். 1ஆம் இலக்கம் தண்ணீர்ப் போத்தல் செய்யும் பிளாஸ்டிக், சூட்டில் நெளிந்து விடும்.

நான் சபையில் இருப்பவன் என்பதால் வாளியை என் கடையிலிருந்து கொடுக்க மறுத்துவிட்டேன். மூன்று கடைகளில் விலை கேட்டு, புறக்கோட்டையில் ஒரு கடையில் வாளி 280 ரூபாப்படி 450 வாளி எடுத்தோம். 126,000 ரூபா. ஒரு தனவந்தர் பொறுப்பேற்றார். பைக்குப் போகும் செலவு பங்கொன்றுக்கு 9 ரூபாப்படி நாளொன்றுக்கு 400 பங்கு, 30 நாள் என்றால் 108,000 ரூபா. வாளி ஒரே நோன்பில் ஏறக்குறையத் தன் காசை எடுத்துவிடும், இரண்டாம் வருடத்திலிருந்து எல்லாம் மிச்சம் என்று நான்தான் எழுந்து நின்று கணக்குச் சொன்னேன். எல்லோரும் மாஷா அல்லாஹ் என்றார்கள்.

முதல் நாள் 400 வாளி போனது. இரண்டாம் நாள் அஸருக்கு முன் திரும்பி வந்தது 260. மூன்றாம் நாள் அதிலும் குறைவு. ஐந்தாம் நாள் நானே ஆள் அனுப்பி என் கடையிலிருந்து பைகளை எடுப்பித்தேன். அந்த நோன்பு முழுவதும் பாதிக்கு மேல் பையில்தான் போனது. பெருநாள் முடிந்து எண்ணிப் பார்த்தால் கையில் 171 வாளி. 279ஐக் காணவில்லை.

யாரும் திருடவில்லை. ஊருக்குள் போனால் எல்லா வாளியையும் காணலாம். ஒரு வீட்டில் சீனி, ஒரு வீட்டில் கருவாடு, ஒரு வீட்டு மதிலில் கறிவேப்பிலைக் கன்று. எங்கள் வீட்டுச் சமையலறையில் இரண்டு இருந்தன, ஒன்றில் மிளகாய்த்தூள். "நல்ல வாளி, மூடி இறுக்கமா இருக்கு" என்றார் என் மனைவி. அவர் சொன்னதில் பிழையும் இல்லை, நல்ல வாளிதான்.

இங்கேதான் நான் விட்ட பிழை இருக்கிறது. நான் வாளியின் விலையைப் பார்த்தேன், அது எத்தனை தடவை சுற்றி வரும் என்பதைப் பார்க்கவில்லை. முப்பது வருடமாகக் கடன் கொப்பி எழுதுகிறவன் நான். நூறு பேருக்குக் கடன் கொடுத்தால் எத்தனை பேர் திருப்பித் தருவார்கள் என்று கேட்காமல் சாமான் கொடுக்க மாட்டேன். வெளியே போன ஒவ்வொரு வாளியும் கடனுக்குப் போன சரக்கு என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

கணக்கு மிகவும் லேசானது. போகும் ஒவ்வொரு பத்து வாளியிலும் ஒன்று திரும்பி வராவிட்டால், ஒரு வாளி சராசரியாகப் பத்துத் தடவைதான் பாவனைக்கு வரும். ஐம்பதில் ஒன்று வராவிட்டால் ஐம்பது தடவை. அவ்வளவுதான். எங்கள் வாளிகள் அந்த நோன்பில் மொத்தம் ஏறக்குறைய 2,900 தடவை வெளியே போயிருந்தன, 279 காணாமல் போயின. பத்துக்கு ஒன்று. 280 ரூபா வாளியைப் பத்துத் தடவை பாவித்தால் தடவைக்கு 28 ரூபா. பை 9 ரூபா. சூழலைப் பாதுகாக்கப் போய், பையை விட மூன்று மடங்கு செலவில், பையை விடக் கூடுதலான பிளாஸ்டிக்கை ஊருக்குள் பரப்பியிருக்கிறோம்!

வாளி பையை விட இலாபமாக வேண்டுமானால் என்ன வேண்டும்? கழுவும் செலவு தடவைக்கு 2 ரூபா என்று வைத்தால், வாளி ஒவ்வொரு தடவையும் 7 ரூபாவைத்தான் மிச்சம் பிடிக்கும். 280ஐ 7ஆல் பிரித்தால் 40. ஆகவே நாற்பதில் ஒன்றுக்குக் குறைவாகவே தொலைய வேண்டும். இந்த நாற்பது என்ற இலக்கத்தைக் கண்டுபிடிக்காமல் எவரும் பாத்திரம் வாங்கக் கூடாது. உங்கள் தொழிலில் பெட்டி விலை வேறாக இருக்கும், கழுவும் கூலி வேறாக இருக்கும், ஆனால் பிரித்துப் பார்க்கும் முறை இதுதான்.

இரண்டாம் வருடம்: இலாபம் வந்தது, ஆள் வரவில்லை

கடன் திரும்பாவிட்டால் வியாபாரி என்ன செய்வான்? ஈடு கேட்பான். 2024 நோன்புக்கு 250 வாளி மேலதிகமாக வாங்கி, ஒவ்வொரு குடும்பமும் 500 ரூபா கட்டி வாளி எடுக்க வேண்டும், நோன்பு முடிந்து வாளியைக் கொடுத்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்று அறிவித்தோம். சோடாப் போத்தல் காலத்தைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல. வெறும் போத்தல் கொண்டு போனால் ஒரு விலை, போத்தல் இல்லாமல் போனால் ஒரு விலை.

வாளி அற்புதமாகத் திரும்பி வந்தது. நோன்பு முழுவதற்கும் காணாமல் போனது ஒன்பதுதான். நாளாந்தம் வாளி கழுவ ஓர் இளைஞனை 1,500 ரூபாவுக்கு வைத்தோம். சவர்க்காரம், சுடுதண்ணீருக்கான கேஸ் என்று மாதம் 12,000. இவ்வளவு கழித்தும் மிச்சம் தெரிந்தது. அரிசியும் தேங்காயும் கூட எதிர்பார்த்ததை விடக் குறைவாகவே போனது. நான் கொப்பியைத் தூக்கிக் கொண்டு திரிந்தேன்.

பதினைந்தாம் நோன்பளவில் கஞ்சி காய்ச்சும் சகோதரர் என்னைத் தனியே கூப்பிட்டார். படிப்பு அதிகம் இல்லாதவர், ஆனால் இருபது வருடமாக அகப்பை பிடிப்பவர். "ஹாஜி, சட்டியில கஞ்சி மிஞ்சுது" என்றார். நல்லதுதானே என்றேன். "நல்லதில்ல. வாறவங்கட முகத்தப் பாருங்க. வர வேண்டியவங்க வாறல்ல" என்றார்.

எண்ணிப் பார்த்தோம். 400 குடும்பத்தில் 310 குடும்பம்தான் வாளி எடுத்திருந்தது. எடுக்காத 90இல் வசதியானவர்கள் சிலர், அவர்களுக்கு வீட்டிலேயே கஞ்சி உண்டு. மற்றவர்கள் யார்? நானும் மோதினாரும் ஒரு நாள் ளுஹருக்குப் பின் பள்ளியின் பின்பக்கத் தோட்டத்து வீடுகளுக்குப் போனோம். கணவனை இழந்து மூன்று பிள்ளைகளுடன் வாழும் ஒரு ராத்தாவின் வீடு. இத்தனை வருடமும் அவரது மகன்தான் முதல் ஆளாக வந்து நிற்பான். ஏன் வாளி எடுக்கவில்லை என்று நான் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. கதவுக்குப் பின்னால் நின்று அவர் சொன்னது:

"கையில ஐந்நூறு ரூவா இருந்தா நான் அரிசி வாங்கி வீட்டுலயே கஞ்சி காய்ச்சியிருப்பேனே நாநா."

நானும் மோதினாரும் பேசாமல் திரும்பினோம். ஐந்நூறு ரூபா எனக்கு ஒரு நாள் தேநீர்ச் செலவு. திரும்பக் கிடைக்கும் பணம்தானே என்று சபையில் எல்லோரும் இலேசாகச் சொன்னோம். கையில் இல்லாதவனுக்கு அது திரும்பக் கிடைக்கும் பணமா, கிடைக்காத பணமா என்பதில் ஒரு வித்தியாசமும் இல்லை. பணம் இல்லை என்று சபைக்கு வந்து சொன்னால் விட்டுவிடுவோம் என்றும் ஓர் ஏற்பாடு இருந்தது. நாலு பேர் முன்னால் வந்து அதைச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

என் கொப்பியில் இலாபம் என்று காட்டியதில் ஒரு பகுதி அந்த வீடுகளின் கஞ்சி. கடையில் இப்படி ஒன்று நடந்தால் வாடிக்கையாளர் குறைந்ததை உடனே கண்டுபிடித்திருப்பேன். விற்பனை விழுந்ததைப் பார்த்து உறக்கம் வராது. இங்கே விற்பனை இல்லை, ஆகவே ஆள் குறைந்தது செலவு குறைந்தது போலத் தோன்றியது. தர்ம காரியங்களின் கணக்கைப் பார்க்கும் வர்த்தக சகோதரர்கள் இந்த இடத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். எங்களுக்குப் பழக்கமான கண் இங்கே எங்களையே ஏமாற்றும்.

அன்றிரவே வாளிப் பணத்தை நிறுத்தினோம். மீதி நோன்புக்கு அந்த வீடுகளுக்கு மோதினாரின் மகன் கஞ்சியைக் கொண்டு போய்க் கொடுத்தான்.

மூன்றாம் வருடம்: வெற்று வாளிக்கு நிறைந்த வாளி

வழி என் கடை வாசலிலேயே இருந்தது. கேஸ் சிலிண்டர். வெறும் சிலிண்டரைக் கொடு, நிறைந்த சிலிண்டரைக் கொண்டு போ. கேஸ் முகவர் ஒருவரும் பழைய சிலிண்டரைத் தேடி வீடு வீடாகப் போவதில்லை. அடுத்த தடவை சமைக்க வேண்டும் என்ற தேவையே அதைத் திரும்பக் கொண்டு வருகிறது.

மும்பாயில் டப்பாவாலாக்கள் 1890 முதல் இதைத்தான் செய்து வருகிறார்கள். வீட்டுச் சாப்பாட்டை அலுவலகத்துக்குக் கொண்டு போய்க் கொடுத்து, வெறும் டப்பாவை அன்றைக்கே வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்கும் தொழிலாளர்கள். கொரோனாவுக்கு முன் ஏறக்குறைய ஐயாயிரம் பேர், நாளொன்றுக்கு இரண்டு இலட்சம் டப்பா வரை சுமந்தார்கள். டப்பா மூடியில் நிறத்தாலும் எழுத்தாலும் இலக்கத்தாலும் ஒரு குறி இருக்கும், விலாசம் இருக்காது. டப்பாவைத் தொலைத்தால் நாளைக்குச் சாப்பாடு எதில் போகும் என்பதுதான் அங்கே ஈடு. அமிர்தசரஸில் சீக்கியர்களின் பொற்கோயிலில் நாள்தோறும் பல்லாயிரம் பேர் எவர்சில்வர் தட்டில் சாப்பிடுகிறார்கள். அங்கே தட்டு வளவை விட்டு வெளியே போவதில்லை, ஆகவே தொலைவதுமில்லை. கழுவுவதற்குத் தொண்டர்கள் உண்டு. எங்களுடையது வெளியே போகும் பாத்திரம். ஆகவே எங்களுக்குப் பாடம் டப்பாவாலாக்களிடம்தான்.

2025 நோன்புக்கு இரண்டு வரிசை வைத்தோம்.

ஒரு வரிசை, சொந்தப் பாத்திரம் கொண்டு வருவோருக்கு. பழைய தூக்குச்சட்டிக் காலத்தைத் திரும்பக் கொண்டு வந்தோம் என்று சொல்லலாம். ஜும்ஆவில் கதீப் இது பற்றிப் பேசினார், அமானிதம் பற்றியும் வீண்விரயம் பற்றியும். அதற்கு நல்ல பலன் இருந்தது. ஏறக்குறைய 230 குடும்பங்கள் தங்கள் பாத்திரத்தைக் கொண்டு வந்தன. ஒரு பாத்திரத்துக்கு ஊற்ற 15 வினாடி என்று பிடித்தால் ஓர் அகப்பையால் ஒரு மணித்தியாலம் செல்லும். ஆகவே இரண்டு சட்டி, இரண்டு அகப்பை, அரை மணித்தியாலம். அகப்பை பாத்திரத்தின் விளிம்பில் படக் கூடாது, உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும் என்பது ஒன்றுதான் சட்டம்.

மற்ற வரிசை வாளி மாற்றுவோருக்கு. வாளிக்குப் பணமும் இல்லை, பெயர் எழுதுவதும் இல்லை. முதல் நாள் நிறைந்த வாளி சும்மா போகும். மறுநாள் வெற்று வாளி வந்தால் நிறைந்த வாளி கைக்கு வரும். வெற்று வாளியை மறந்து வந்த பிள்ளையை வெறுங்கையோடு அனுப்புவதில்லை, சபைக்குச் சொந்தமான ஒரு சட்டியில் ஊற்றிக் கொடுத்து, "நாளைக்கு ரெண்டையும் கொண்டு வா மகன்" என்று அனுப்புவோம். அநேகமாக வந்துவிடும்.

இதற்கு 170 குடும்பம். எத்தனை வாளி வேண்டும்? முதல் வருடம் நாங்கள் ஒரு செட் போதும் என்று நினைத்தோம். வீட்டில் ஒரு செட் இருக்கும்போது பள்ளியில் நிரப்பி வைக்க இன்னொரு செட் வேண்டும். 170இன் இரட்டை 340, பத்துக்கு ஒன்று மேலதிகம் வைத்தால் ஏறக்குறைய 375. எங்களிடம் 412 இருந்தது. புதிதாக ஒன்றும் வாங்கவில்லை.

வாளியின் தோற்றத்தையும் மாற்றினோம். உடலிலும் மூடியிலும் சூடான கம்பியால் ஒரே இலக்கத்தைச் சுட்டு, பள்ளிவாசலின் பெயரைப் பெரிதாக எழுதி, கைபிடியில் தெருவுக்கு ஒரு நிறம் பூசினோம். பள்ளிவாசல் பெயர் எழுதிய வாளியில் மிளகாய்த்தூள் வைக்க எந்த வீட்டுப் பெண்ணுக்கும் மனம் வருவதில்லை. (என் வீட்டிலிருந்த இரண்டையும் முதல் நாளே ஒப்படைத்தேன்.) தெருவுக்கு ஒரு பிள்ளை பொறுப்பு. பச்சைக் கைபிடி எட்டுக் குறைகிறது என்றால் பச்சைத் தெருப் பிள்ளை போய்க் கேட்பான். பெரியவர் ஒருவர் போய்க் கேட்டால் அது வசூல், பிள்ளை போய்க் கேட்டால் ஞாபகமூட்டல்.

கழுவுவது பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் கழுவித்தான் வரும், ஆனாலும் அதை நம்பி அப்படியே நிரப்பக் கூடாது. சவர்க்காரத் தண்ணீரில் ஒரு தடவை, நல்ல தண்ணீரில் ஒரு தடவை, கடைசியாக 77 பாகைக்குக் குறையாத சுடுதண்ணீரில் அரை நிமிடம். பிறகு துணியால் துடைக்காமல் கவிழ்த்து வைத்துக் காயவிட வேண்டும். துணிதான் ஒரு வாளியின் அழுக்கை அடுத்த வாளிக்குக் கொண்டு போகும். ஐந்து இலக்கப் பிளாஸ்டிக்காக இருந்தாலும் உள்ளே கீறல் விழுந்து மங்கிப் போன வாளியை உணவுக்குப் பாவிக்காமல் ஒதுக்கி விட வேண்டும். கஞ்சியின் தேங்காய் எண்ணெய் அந்தக் கீறலில் படிந்து மறுநாள் மணக்கும். எங்களுக்கு முதல் வாரத்தில் இந்த முறைப்பாடு வந்தது, வந்தவர் நியாயமாகத்தான் பேசினார்.

அந்த நோன்பில் வாளிகள் 5,100 தடவை வெளியே போயின. 31 வரவில்லை. நூற்று அறுபதுக்கு ஒன்று. எங்களுக்கு வேண்டியிருந்தது நாற்பதுக்கு ஒன்று. கஞ்சி வாங்கிய குடும்பங்கள் மீண்டும் 400. கூலி 45,000, சவர்க்காரமும் கேஸும் 12,000, தொலைந்த வாளி 8,680, ஆக 65,680 ரூபா. பைக்கு அதே 9 ரூபாப்படி என்றாலும் 108,000 போயிருக்கும். மிச்சம் 42,320. பெரிய தொகை அல்ல. முதலிரு வருடங்களில் வாளிக்குப் போட்ட 196,000 ரூபாவில் பாதிக்குச் சற்று மேல்தான் மீண்டிருக்கிறது, மீதி மீள இன்னும் இரண்டு நோன்பு செல்லும். பாத்திரத்துக்கு மாறினால் பணம் கொட்டும் என்று யாராவது உங்களிடம் வாளி விற்க வந்தால், மெதுவாக ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்து அனுப்பி விடுங்கள்.

என் கடைக்கு? வருடத்துக்கு பன்னிரண்டாயிரம் பங்குக்கான பை விற்பனை போய்விட்டது. என்னைப் போலவே பொலித்தீன் விற்கும் ஒரு சகோதரர், "உங்கட வயித்துல மட்டுமில்ல, எங்கட வயித்துலயும் அடிச்சிட்டீங்க நாநா" என்று பெருநாள் சந்திப்பில் பாதி விளையாட்டாகவும் பாதி உண்மையாகவும் சொன்னார். பக்கத்து ஊர்ப் பள்ளிகள் இரண்டு இதே முறையைக் கேட்டு வந்ததால் அவருக்குக் கோபம். அவருக்கு நான் சொன்னது, பையை விற்ற இடத்தில் வாளியையும் விற்கலாம் என்பதுதான். உண்மையில் அது பை போல் ஓடாது. ஒரு தடவை வாங்கினால் ஐந்து வருடத்துக்கு வர மாட்டார்கள். அந்த இழப்பு இழப்புத்தான், அதை இனிப்புப் பூசிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஹோட்டல்காரர்களுக்கு

இதை உங்கள் கடைக்குக் கொண்டு வருவதானால், வீதியால் போகிறவர் வாங்கும் பார்சலில் தொடங்காதீர்கள். கண்டி பஸ்ஸில் ஏறுகிறவர் பெட்டியைத் திருப்பித் தர வரமாட்டார். ஒரே ஆள் நாளைக்கும் வருகிற இடத்தில் தொடங்குங்கள். வங்கி, காரியாலயம், தையல் தொழிற்சாலை, கட்டட வேலைத்தளம் ஆகியவற்றுக்கு அனுப்பும் பகல் சாப்பாடு இதற்கு மிகப் பொருத்தம். பெட்டியை இரண்டு செட் வையுங்கள். இன்றைய பெட்டியைக் கொடுக்கும் பையனே நேற்றைய பெட்டியை எடுத்து வரட்டும், மோட்டார் சைக்கிள் எப்படியும் வெறுமையாகத்தானே திரும்புகிறது. முதல் மாதம் இருபது பெட்டியோடு நிறுத்தி, எத்தனை போய் எத்தனை வருகிறது என்று தினமும் எழுதுங்கள். பெட்டி விலையைப் பெருக்குவதற்கு முன் அந்த இரண்டு இலக்கங்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும். கலியாணச் சமையல்காரர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஸஹன் உங்களிடம் இருக்கிறது. கொரோனாவுக்குப் பின் சேர்ந்து சாப்பிடத் தயங்குவோருக்குத் தனித் தட்டும் வாடகைக்குக் கிடைக்கிறது.

எங்கள் பள்ளிவாசலில் இன்னும் ஒரு காரியம் மீதமிருக்கிறது. ஜும்ஆவுக்குப் பின் பிரயாணிகளுக்கும் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்திருப்போருக்கும் கொடுக்கும் சோற்றுப் பார்சல் இப்போதும் கடதாசிப் பெட்டியில்தான் போகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் பார்சலை மட்டும் கெரியரில் அனுப்பி, அங்கேயே தட்டில் பரிமாறி, கெரியரை அன்று மாலையே எடுத்து வரலாமா என்று யோசித்து வருகிறோம். பிரயாணிகளுக்கு என்ன செய்வது என்பதற்கு எனக்கு வழி தெரியவில்லை. வெள்ளிக்கிழமை அந்தப் பெட்டிகள் என் கடையிலிருந்துதான் போகின்றன, கடைப் பெயர் இல்லாமல்.